அக்கரைக்குப் போகும் சாலை

தாழைத்துறை என்ற ஊர் இல்லை என்று கருவி சொல்லவில்லை. அந்த ஊரை வரைந்தவர் அதைப் பார்க்காமலேயே வரைந்திருக்கிறார் என்றுதான் சொன்னது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மரகதவல்லி தன் அறிக்கையில் ஒரு பத்தி முழுவதும் விளக்கியிருந்தாள். இணை இயக்குநர் பத்ரிநாராயணன் அந்தப் பத்தியைப் பொறுமையாகப் படித்து முடித்து, பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஊரைக் காலி பண்ணணுமா வேண்டாமா? மேல அதைத்தான் கேப்பாங்க."

கடலோர வெடிபொருள் அகற்றும் பிரிவுக்கு அவர் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பத்திரப் பதிவுத் துறையில் இருந்தவர். மேசையின் மேல் விரித்திருந்த பழைய நிலவரைபடத்தைச் சொத்து வாங்க வந்தவரைப் போல ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எனக்கு ஒரு தடவை முதல்லேர்ந்து சொல்லிடுங்க. நாளைக்கு அமைச்சர் கேட்டா நான் முழிக்கக் கூடாது."

மரகதவல்லி வரைபடத்தின் சுருண்ட முனையில் பேப்பர்வெயிட்டை வைத்தாள். உலகப் போரின் நடுவில் ராணுவத்துக்காக அச்சான தாள் அது. வலப்பக்கம் முழுவதும் வெளிர்நீலக் கடல். கரையோரமாகப் பனை மரங்களுக்கான சிறு குறிகள். அவற்றுக்குப் பின்னால் செம்மணல் மேடான தேரியின் உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள். தேரியின் விளிம்பில் விமான தளம், முனையில் பீரங்கி மேடை. இரண்டும் பெயரோடு குறிக்கப்பட்டிருந்தன.

"இந்தத் தளத்துக்கு ஒரு வெடிமருந்துக் கிடங்கு இருந்தது சார். நிலத்துக்கடியில. போர் முடிஞ்சதும் சரக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போக நேரமில்லாம அப்படியே மூடிட்டுப் போயிட்டாங்க. எங்கேங்கிற கணக்கையும் எரிச்சுட்டாங்க."

"விமான தளத்தைத் தைரியமாப் போட்டிருக்கான். கிடங்கை மட்டும் ஏன் மறைக்கணும்?"

"தளத்தை மறைக்க முடியாது. மேல பறக்கிறவனுக்குத் தெரிஞ்சுடும். கிடங்கை மறைக்கலாம். அதனால அது இருக்கிற இடத்துல வேற எதையாவது வரையச் சொல்லியிருக்காங்க. குளமோ, தோப்போ, ஊரோ."

"இரும்பு தேடுற மெஷின் வச்சுப் பாக்கலாமே?"

"அந்தக் கரை முழுக்கக் கருமணல் சார். மணலே இரும்பு. மெஷின் எங்க வச்சாலும் கத்தும்."

எனவே வரைபடத்தையே தோண்ட வேண்டியிருந்தது. அதற்காகக் கட்டப்பட்டதுதான் 'தெளிவு'. பழைய நிலவரைபடங்களைப் பல்லாயிரக்கணக்கில் படித்த அந்த மென்பொருள், எந்தப் பகுதியை அளவையர் நேரில் பார்த்து வரைந்தார், எதை உத்தரவின் பேரில் கற்பனை செய்தார் என்று பிரித்துச் சொல்லும். பார்த்து வரைந்த ஊர் கோணலாக இருக்கும். தேவையில்லாத ஒரு கிணறு இருக்கும். ஒரு பாதை காரணமில்லாமல் வளையும். கற்பனை ஊர் ஒழுங்காக இருக்கும். முந்தைய ஆண்டு வேறொரு மாவட்டத்தில் சாலைப் பணியின்போது பழைய குண்டுகள் வெடித்து ஒன்பது பேர் இறந்த பிறகு, தெளிவு எழுபது விழுக்காட்டுக்கு மேல் ஐயப்படும் எந்த இடத்தையும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரையும் நிரந்தரமாகக் காலி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது.

தாழைத்துறைக்கு எண்பத்தொன்று.

"காரணம்?"

"வீடுகள் சம இடைவெளியில இருக்கு. வெளியூருக்கு வண்டிப்பாதை கிடையாது. ஊருக்குன்னு கல்லறை கிடையாது. ஊரை வரையறவன் கோயில் போடுவான், கிணறு போடுவான். சாவு அவன் ஞாபகத்துக்கு வராது."

பத்ரிநாராயணன் சிறிது நேரம் அந்தக் கரையோரப் புள்ளிகளைப் பார்த்தார். "ஆனா இப்போ அங்க ஆளுங்க இருக்காங்களே?"

"இருக்காங்க. போருக்கப்புறம் வந்து குடியேறினவங்களா, அதுக்கு முன்னாலயே இருந்தவங்களாங்கிறதுதான் கேள்வி. உத்தரவுக்கு முன்னால அவங்க வாக்குமூலத்தைக் கேக்கணும்னு விதி இருக்கு."

"கேட்டுட்டு வாங்க," என்றார் அவர். "ஆனா அந்தப் பத்தி வேண்டாம்."

*

தாழைத்துறைச் சமுதாயக் கூடத்தின் வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே ஆண்களும் பெண்களுமாக நூறு பேருக்கு மேல். முன்வரிசையில் ஊர்க் கமிட்டித் தலைவி சலேத்மேரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், ஏலக்கூடத்தில் கத்திப் பழகிய தொண்டை, கணவர் வளைகுடாவில் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தார்.

"சீக்கிரம் கேளுங்க மேடம். வீட்டுல சவம் கெடக்கு."

மரகதவல்லி திகைத்தாள். "யார் இறந்தது?"

"எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவரு, சந்தியாகு. விடியக்காலம் போனாரு. நீங்க இன்னைக்கி வருவியன்னு நோட்டீசு ஒட்டியிருக்கு, அதுல சாவு வந்தா தள்ளி வைக்கலாம்னு போடல."

"தள்ளி வைக்கிறேனே."

"வேண்டாம். ஊரு இருக்கா இல்லையான்னு தெரியாம எந்த ஊருக்காரர்னு சொல்லி அவர அடக்கம் பண்ண?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார், உடனே அடக்கிக்கொண்டார்.

மரகதவல்லி கையடக்கத் திரையை மேசை மேல் நிறுத்தி, ஒலிப்பதிவைத் தொடங்கினாள். சாட்சியின் குரலைத் தெளிவு நேரடியாகக் கேட்கும். கைரேகை வைத்ததும் கணக்கை மாற்றிப் போடும். அவள் முதல் கேள்வியைக் கேட்டாள். வீடுகள் ஏன் சம இடைவெளியில் இருக்கின்றன?

"வல காயப்போட," என்றாள் சலேத்மேரி. "ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு வல விரிக்க எடம் விடணும். விடலன்னா சண்டை. எங்க ஊருல பாதிச் சண்டை அதுதான். மீதிச் சண்டை இந்தா இவனால."

"நான் என்ன செஞ்சேன்?" என்றது ஒரு குரல்.

"வண்டிப்பாதை ஏன் இல்லை?"

"கடல் கெடக்கும்போது மண்ணுல எதுக்கு நடக்கணும்? எங்க தாத்தாமாரு தூத்துக்குடிக்கே பாய் விரிச்சுத்தான் போனாவ."

"கல்லறை?"

சலேத்மேரி எழுந்து சுவரைக் காட்டினாள். அங்கே, மாதா படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மரகதவல்லி நான்கு மாதமாகப் படித்துவந்த அதே நிலவரைபடத்தின் பிரதி தொங்கியது.

"மேப்ப வச்சிருக்கவியளுக்கு மேப்புப் பாக்கத் தெரியலயே! இந்தா காயலு, கடல் உள்ள ஏறிக் கெடக்குற தண்ணி. தெக்க நாங்க. வடக்க, அக்கரையில, குருசு குருசாப் போட்டிருக்கே, அதுதான் எங்க கல்லறைத் தோட்டம். வள்ளம் கெடக்குற கரையில சவத்தப் பொதைச்சா வலையில மீன் ஏறாதும்பாவ. அதனால செத்தவிய அக்கரைக்கி."

"அது எவ்வளவு காலமாக?"

"எங்களுக்குத் தெரிஞ்ச காலமெல்லாம். முந்தி தண்ணியோரமாச் சின்னதாத்தான் இருந்துச்சாம். கடல் அரிக்க அரிக்க உள்ள போயிக்கிட்டே இருக்கோம். உப்பளத்துக்காரன் ஒருத்தன் அந்த எடம் தனக்குன்னு கேசு போட்டான். இந்த மேப்ப வச்சுத்தான் ஜெயிச்சோம். இதுல எவ்வளவு பெருசாப் போட்டிருக்கு பாருங்க. அம்புட்டும் எங்களுக்குன்னு கோர்ட்டே சொல்லிட்டு."

"சவத்தை எப்படிக் கொண்டுபோவீர்கள்?"

"வள்ளத்துல. வேற வழியே கெடையாது. வடக்க ஏதோ பழைய ரோடு இருக்கு, சுத்திக்கிட்டுப் போனா வரலாம். ஆனா எங்க ஆளு ஒருத்தரும் ரோட்டு வழியா கல்லறைக்கிப் போனதில்ல, போகவும் மாட்டோம். ஒரு பெருவெள்ளத்துல காயலத் தாண்ட முடியல. கலெக்டராபீசுல வண்டி அனுப்பி வச்சாவ. திருப்பி அனுப்பிட்டு, ரெண்டு நாளு சவத்த ஐஸுல வச்சிருந்தோம்." அவள் குரலில் பெருமிதம் இருந்தது. "எழுதிக்கிடுங்க."

கைரேகை வைத்தாள். திரையில் தாழைத்துறையின் மேல் படர்ந்திருந்த சிவப்பு, ஈரத்துணியில் துடைத்ததுபோல் வெளிறியது. எண் குறைந்தது. ஐம்பது. முப்பது. ஒன்பதில் நின்றது.

"ஊர் உண்மையானது," என்றாள் மரகதவல்லி. 

"ஏல, நாம நெசமாம்ல!" என்று ஓர் இளைஞன் கத்தினான்.

"ஊருதான் நெசம்னு சொன்னாவ. ஒன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல," என்றது இன்னொரு குரல். கூடம் சாவு வீட்டை மறந்து சிரித்தது. பிறகு நினைவு வந்து கலைந்தது.

*

திரையை உறைக்குள் வைக்கப் போனபோதுதான் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

கிடங்கு ஒன்று இருந்தது என்பது தெளிவுக்கு மாறாத உண்மை. ஓரிடத்திலிருந்து நீங்கிய ஐயம் வேறோர் இடத்துக்குப் போயாக வேண்டும். சிவப்பு நிறம் காயலைக் கடந்துகொண்டிருந்தது. வடகரையில் ஏறி, சிலுவைக் குறிகளின் மேல் மெல்லப் படிந்து, அடர்ந்தது. எண்பத்தெட்டு. கீழே ஒரே ஒரு வரி:

படகில் மட்டுமே செல்லும் இடத்துக்கு வண்டிச் சாலை ஏன்?

மரகதவல்லி நிமிர்ந்து சுவரில் இருந்த பிரதியைப் பார்த்தாள். விமான தளத்திலிருந்து கிளம்பிய இரட்டைக் கோடு தேரியைச் சுற்றி வந்து கல்லறைத் தோட்டத்தின் பின்புறத்தில் முடிந்தது. லாரி போகும் அகலச் சாலை என்பதன் குறி அது. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதைகூட இல்லை. இறங்குதுறை இல்லை. கரையோரத்தில் இருந்த சிறிய கல்லறையை அளவையர் பார்த்திருக்கிறார். பிறகு உத்தரவு வந்திருக்கிறது. குருசுகளைப் பின்னோக்கி, கிடங்கு முழுவதும் மூடும் அளவுக்கு, வரிசையாக நட்டுக்கொண்டே போயிருக்கிறார். அந்த அளவைத்தான் ஊர் நீதிமன்றத்தில் வென்றது. கடல் துரத்தத் துரத்த, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரிசை பின்னால் நகர்ந்து, அந்தக் கற்பனைக் குருசுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சலேத்மேரி வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குழி எங்கே வெட்டுகிறார்கள்?"

"அக்கரையிலதான்."

"தோட்டத்தில் எந்த இடத்தில்?"

"கடைசியில, புது வரிசை. எம்மவன் கென்னடியும் இன்னொருத்தனும் காலையிலயே போயிட்டானுவ. ஏன்?"

"நிறுத்தச் சொல்லுங்கள். இப்போதே."

சலேத்மேரி அவள் முகத்தைப் பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்து அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். "சட்டையோட கழத்திப் போட்டிருப்பான்," என்று முணுமுணுத்தபடி மணலில் ஓடத் தொடங்கினாள்.

சவத்துக்காகப் பூ கட்டி வைத்திருந்த வள்ளத்தையே தள்ளினார்கள். காயலின் அகலம் அதிகமில்லை. ஆனால் நீரோட்டம் எதிர்த்திசையில் இழுத்தது. இயந்திரம் இரண்டு முறை இருமி அணைந்தது. அக்கரையிலிருந்து கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் சீராகக் கேட்டது. நடுக்காயலில் அந்தச் சத்தம் மாறியது. மண்ணின் மந்தமான ஒலிக்குப் பதிலாக ஒரு கூர்மையான 'ணங்'.

"கென்னடி!" சலேத்மேரியின் ஏலக் குரல் நீரின் மேல் பறந்தது. "ஏல கென்னடி!"

அவன் இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தான். இவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கடப்பாரையைத் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தான்.

"கல்லு கெடக்கும்மா. கடப்பார எறங்க மாட்டங்கு. இன்னும் ரெண்டு போடு போட்டா ஒடைஞ்சிரும்."

"வெளிய வா."

"பெரியப்பாவ என்ன, பாதி ஒசரத்துலயா படுக்க வைக்க? மனுசன் எந்திச்சு வந்து ஏசுவாரு."

"வெளிய வால!"

அவன் கடப்பாரையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஏறினான். மரகதவல்லி விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்தாள். ஈரமணலுக்கு அடியில் சாம்பல்நிறத் தளம். கல் அல்ல, வார்த்த கான்கிரீட். அதில் நேர்கோடாக ஓர் இணைப்பு. கடப்பாரை பட்ட இடத்தில் ஒரு விரிசல் தெரிந்தது.

"ரெண்டு பேரும் வள்ளத்துக்குப் போங்க," என்றாள் சலேத்மேரி. "இங்க நா கொஞ்சம் பேசணும்."

*

மரகதவல்லி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சலேத்மேரி குழியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப நாந்தான் காட்டிக் குடுத்திருக்கேன்."

"நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள்."

"ரெண்டும் ஒண்ணுதான்." ஊர்ப்பக்கம் திரும்பி, "ஒரு கிலோமீட்டருன்னு சட்டம் சொல்லுதியள்ல. இங்கேருந்து ஊரு எவ்வளவு?"

"அறுநூறு மீட்டர்."

"அப்ப ஊரு போலின்னாலும் காலி பண்ணணும். நெசம்னாலும் காலி பண்ணணும்."

"ஆமாம்," என்றாள் மரகதவல்லி.

"பண்ணலன்னா?"

"தோண்டாமல் இருந்தால் பல ஆண்டு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். நாளைக்கே ஆகவும் ஆகலாம். கடல் அரித்துக்கொண்டு வருகிறது. எனக்கு உறுதியாகத் தெரியாது."

"எங்கள எங்க கொண்டு போயி வைப்பாவ?"

"உள்ளே. நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம். நான்கு மாடிக் கட்டடங்கள்."

"நாலாவது மாடியில வள்ளத்த எங்க கட்டிப்போட?" அவள் சிரிக்கவில்லை. "இது வேற யாருக்குத் தெரியும்?"

"இதுவரை எனக்கு மட்டும்தான். இன்று மாலை நான் அறிக்கை அனுப்பினால் எல்லாருக்கும்."

"நா சொன்னத மாத்திச் சொன்னா மெஷினு கேக்குமா? ரோட்டு வழியாவும் சவம் போகும், எறங்குதொறை இருந்துச்சு, கடல் கொண்டு போயிட்டுன்னு?"

கேட்கும். பொய் வரைபடங்களைக் கண்டுபிடிக்கக் கட்டப்பட்ட கருவிக்குப் பொய்ச் சாட்சியைக் கண்டுபிடிக்கும் வேலையை யாரும் தரவில்லை. மரகதவல்லி இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பதினைந்து ஆண்டுப் பணியில் ஓர் அடிக்குறிப்பைக்கூடத் தவறாக எழுதாதவள் அவள். காயலுக்கு அப்பால் கூரைகளிலிருந்து சமையல் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டே, "கேட்கும்," என்றாள்.

இருவரும் குழியை மூடினார்கள். சலேத்மேரி கடப்பாரையைத் தொடவில்லை. மண்ணைக் கையால் தள்ளினாள்.

*

சந்தியாகுவின் சவத்தைச் சுற்றி ஊர் காத்திருந்தது. வாசலில் நின்று சலேத்மேரி அறிவித்தாள்.

"அக்கரைக்கி இனி யாரும் போகக் கூடாது. கவர்மெண்டுகாரவிய ஊர விட்டு வைக்கணும்னா கல்லறைய விட்டுருன்னு சொன்னாவ. நா சரின்னுட்டேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த கூச்சலில் ஒரு சொல்லும் தெளிவாகக் கேட்கவில்லை. சந்தியாகுவின் மனைவி பிலோமி மட்டும் கூச்சலிடாமல் எழுந்து வந்தாள்.

"யாரக் கேட்டுச் சரின்ன?"

"யாரையும் கேக்கல அக்கா."

"எங்க மாமனாரு மாமியாரு, எம்பிள்ள, எல்லாரும் அங்க கெடக்காவ. அவியள வித்துட்டு வந்திருக்கியா?"

"ஊரு மிஞ்சிட்டுல்லா."

"எம்புருசன நாய் மோந்து பாக்குற கரையில பொதைக்கச் சொல்லுதியா? ஒன் வாசல்ல வெட்டு குழிய!"

"வெட்டுதேன்," என்றாள் சலேத்மேரி. "எவ்வாசல்லயே வெட்டுதேன்."

தலைகள் மரகதவல்லியின் பக்கம் திரும்பின. இப்படி ஒரு பேரம் நடந்ததா என்று எல்லாக் கண்களும் கேட்டன. ஆமென்று அவள் தலையசைத்தாள். அன்று அவள் சொன்ன முதல் பொய் அது. வாயைத் திறக்கவும் வேண்டியிருக்கவில்லை.

கென்னடி தாயின் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்தான். பங்குச் சாமியார் மறுப்புச் சொல்லி, பிறகு பிலோமியின் அழுகைக்காக இறங்கி வந்து செபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். வலை விரிக்கும் இடத்தில், சலேத்மேரி வீட்டு வாசலுக்கு நேராக, சந்தியாகு அடக்கம் செய்யப்பட்டார். மண் போட வந்தவர்கள் அவள் நின்ற பக்கத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள்.

பிறகு வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் இரண்டாவது வாக்குமூலத்தைத் தந்தாள். வடகரையின் சிவப்பும் வெளிறியது. தாள் முழுவதும் வெளிர்நீலமும் பழுப்பும் பச்சையுமாக, குற்றமற்றதாக இருந்தது.

*

"ஒண்ணும் இல்லையா?" என்றார் பத்ரிநாராயணன். ஒரு தலைவலி குறைந்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. "நல்லதாப் போச்சு. கமிட்டி, சாமியார்னு ஒரு பெரிய கூட்டமே வந்திருக்கும்."

அந்த நிம்மதி ஒரு மாதம் நீடித்தது. ஒரு காலையில் அவர் மரகதவல்லியை அழைத்து, வேறொரு தாளை மேசை மேல் விரித்தார். தாழைத்துறைக்குத் தெற்கே, அதே தொடரின் அடுத்த தாள்.

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். கிடங்கு ஒண்ணு இருந்தது நிஜம். அந்தத் தாள்ல இல்லைன்னா பக்கத்துத் தாள்ல இருக்கணும். தெளிவு தானாவே அடுத்ததுக்குப் போயிருக்கு. கொம்புக்கரை. எழுபத்தாறு."

கொம்புக்கரை உப்பளத் தொழிலாளர்களின் குடியிருப்பு. வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கமிட்டி இல்லை, கோயில் இல்லை, சுவரில் மாட்டிய வரைபடம் இல்லை. நோட்டீஸ் ஒட்டப்பட்டது. குறித்த நாளில் மரகதவல்லி அங்கன்வாடிக் கட்டடத்தில் திரையை நிறுத்திவிட்டுக் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஆயா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வர மாட்டாங்கம்மா. உப்பு வாருற சீசன். ஒரு நாள் போகலைன்னா மேஸ்திரி வேற ஆளைப் போட்டுருவாரு."

"இது அவங்க வீட்டைப் பத்தின விஷயம்னு தெரியுமா?"

"நோட்டீசை யாரும்மா படிக்கா? எதாவது ஊசி போட வந்திருக்காங்கன்னு நெனச்சிருப்பாங்க."

விதிப்படி, சாட்சி வராத இடத்தில் கருவியின் முடிவே இறுதி. மரகதவல்லி வெளியே வந்தாள். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. தொலைவில், பாத்திகளுக்கு நடுவே, குனிந்த உருவங்கள் ஒரு வரிசையாக நகர்ந்தன. அவள் கைபேசியை எடுத்து அழைத்தாள்.

"என்ன மேடம், திரும்பயும் நாங்க பொய்யாயிட்டோமா?" என்றது சலேத்மேரியின் குரல்.  "பேசுங்க. இப்ப எங்கிட்டப் பேச ஆளு கம்மி. எம்மவனே சோறு வேணுமான்னா தலையத்தான் ஆட்டுதான்."

கொம்புக்கரையைக் காலி செய்யப் போகிறார்கள் என்பதை மரகதவல்லி சொன்னாள். 

"அங்க எத்தன வீடு?"

"முந்நூறு இருக்கும்."

"எங்கள விட ஜாஸ்தி." பிறகு, "அவியளுக்கும் எதாச்சும் சொல்லிக் குடுக்க முடியாதா? நா வந்து சொல்லுதேன். இத இத இப்பிடிச் சொல்லுங்கன்னு."

"சொல்லலாம் அக்கா. அப்போது அதற்கும் அடுத்த தாளுக்குப் போகும்."

"போயி, கடைசியில எங்க நிக்கும்?"

"யாரும் வந்து பேசாத ஊரில்."

அந்தச் சொற்களைச் சொன்ன பிறகுதான், தான் அந்த ஊரில்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது மரகதவல்லிக்கு உறைத்தது.

"நா மொதல்ல சொன்னது இன்னும் இருக்கா? அழிச்சிட்டியளா?"

"இருக்கிறது. பதிவை அழிக்க முடியாது. நீங்கள் இரண்டாவதைத் திரும்பப் பெற்றால் போதும், கொம்புக்கரை தப்பிவிடும். ஆனால் அதற்குப் பிறகு ஊர்..."

"தெரியும். நாலு மாடி." சலேத்மேரி பெருமூச்சு விட்டாள். "நா தனியா வந்து கைநாட்டு வச்சிட்டுப் போயிரலாம். ஆனா ஊருக்குச் சொல்லாம இன்னொரு தடவ செய்ய மாட்டேன். என்னத்துக்குக் கல்லறைய விட்டேன்னும் சொல்லணும்."

"நீங்கள் அழைத்தால் வருவார்களா?"

"நா அழைச்சா வரமாட்டாவ. கோயில் மணி அழைச்சா வருவாவ. இந்நேரத்துக்கு மணி அடிச்சா கடலுக்குப் போன யாரோ திரும்பலன்னு அர்த்தம். பகையாளி வீட்டுக்காரன்கூட ஓடி வருவான்." காலடியில் மணல் அரைபடும் ஓசை கேட்டது, அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். "வச்சிராதிய மேடம். லைன்லயே இருங்க. எங்கிட்டக் கேட்டா எனக்கு அந்தக் கணக்கெல்லாம் சொல்ல வராது."

மரகதவல்லி கைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு கதவு திறந்தது. கயிறு கப்பியில் உரசியது. பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. நிற்காமல், மூச்சுவிட இடைவெளி தராமல். அதற்கு அடியில், முதலில் ஒன்று, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியாத அளவில், மணலில் ஓடிவரும் காலடிகள்.

"யாரு? யாரு திரும்பல?" என்று ஒரு பெண் கத்தினாள். பிலோமியின் குரல்.